விருந்தினரும் வீட்டாரும்

மலாக்காவின் கிளேபாங்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பேருந்தில் சென்றால் நான்கைந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால், அங்கு வேலை செய்யும் அண்ணன், அக்காள் வீடுகளுக்குக் குடும்பத்தோடு புறப்படுவோர் உண்டு.

சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். மலேசியாவிலிருந்து சென்று வேலை செய்வோரில் பலர் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தங்குகின்றனர். அங்கு ஆறு பேர் முன்னறிவிப்பின்றிச் சென்றால் படுக்கவும் இடமிராது; நினைத்தவுடன் விடுப்பும் கிடைக்காது. ஆயினும், ‘உறவினரிடம் எப்படிச் சொல்வது?’ என்று வீட்டார் தயங்குகின்றனர். அடக்கி வைத்த சலிப்பு இரண்டொரு நாளில் முகத்தில் தெரிந்துவிடுகிறது.

அனிச்ச மலர் முகர்ந்தால் வாடும். விருந்தினரோ முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவர் என்கிறார் திருவள்ளுவர். திருக்குறளில் ‘விருந்தோம்பல்’ 9ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவது ‘இனியவை கூறல்’. எனவே, “மூன்று நாள் தங்கலாம், ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு, சேர்ந்து ஊர் சுற்றலாம்” என்று முன்கூட்டியே இனிமையாகச் சொல்லிவிடுவது நல்லது. விருந்தினரும் நாள் கேட்டுப் புறப்பட வேண்டும். சமையலில் கைகொடுக்க வேண்டும். செலவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

உறவில் கணக்குப் பார்ப்பதா என்று சிலர் கேட்கலாம். இது கணக்கன்று, உறவைக் காக்கும் அக்கறை. இருவரும் மனம்விட்டுப் பேசினால், அடுத்த விடுமுறையிலும் அந்தக் கதவு மலர்ந்த முகத்தோடு திறக்கும்.