ஒளியிழை நுனியில் ஒரு கண்!

தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஓர் ஒளியிழை. அதன் நுனியில் லென்ஸ் பொருத்த முடியுமா? இடுக்கியால் பிடிக்கக்கூட முடியாதே!

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் லென்ஸை ஒட்டவில்லை, நுனியிலேயே அச்சிட்டுவிட்டார்கள். திரவ பாலிமரில் லேசர் குவியும் புள்ளி மட்டும் கெட்டியாகும். புள்ளி புள்ளியாகக் கெட்டியாக்கி, மீதியைக் கழுவினால் லென்ஸ் தயார்! அகலம் 0.13 மில்லிமீட்டருக்கும் குறைவுதான்.

இதில் என்ன விசேஷம்? கருவி மெலிந்தால் படம் மங்கும். மூடியுள்ள குழாயும் ஒளியைக் கோணலாக்கும். அச்சிடும்போதே லென்ஸை வேண்டியபடி வளைத்து, இந்தக் கோணலைச் சரிசெய்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, 2020ல் சுண்டெலியின் ரத்தக் குழாயை உள்ளிருந்தே படமெடுத்தனர். மாரடைப்பை உண்டாக்கும் கொழுப்புப் படிவை நம் உடலிலும் இப்படிப் பார்ப்பதுதான் அவர்கள் குறி.