சக்தி சிப்பு எப்பதான் வரும்?

தூத்துக்குடிக்காரனுக்குக் காத்திருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதனால சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸர் தாமதமாகுறது எனக்குப் பெரிசில்லை. ஆனா இந்த ரசிகப் பெருமக்களோட ஆரூடம் இருக்கே.. தாங்கல சாமி!

2018ல சக்தி சிப்புல லினக்ஸ் ஓடுச்சு. 2022 ஏப்ரல்ல மத்திய அரசு, 2023 டிசம்பருக்குள்ள தொழில்தரத்துல சிப்பு தயாராகணும்னு இலக்கு வச்சுது. அவ்ளோதான், அடுத்த தீபாவளிக்கு சக்தி லேப்டாப்னு நம்மாளுங்க கிளம்பிட்டாங்க. லேப்டாப்னு யாருய்யா சொன்னது?

2025 பிப்ரவரியில இஸ்ரோவும் ஐஐடியும் சக்தியை வச்சு செஞ்ச ஐரிஸ் சிப்பு ஓடுதுன்னு அறிவிச்சாங்க. சண்டிகர்ல தயாரானது, 180 நானோமீட்டர். உடனே "இது 1999 பென்டியம் 3 காலத்துச் சமாச்சாரம்"னு நக்கல். ராக்கெட்டுல கேமா ஆடப்போறோம்? விண்வெளிக் கதிர்வீச்சுல தடுமாறாம ஓடணும், அம்புட்டுதான். பக்கத்துல குலசேகரன்பட்டினத்துல ஏவுதளத்துக்கு 2024ல அடிக்கல் நாட்டினாங்க. அங்கருந்து கிளம்புற ராக்கெட்டுல இது இருந்தா எனக்குப் போதும்.

எனக்குக் கோவம் வேற இடத்துல. இன்டெல்லோட 10 நானோமீட்டர் சிப்பு 2016ல வரவேண்டியது, 2019லதான் பரவலா வந்தது. நடுவுல பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. சக்தியில இருக்கிறது நம்ம வரிப்பணம், அப்ப நாமதானே பங்குதாரர்? அந்த 2023 இலக்குல எது முடிஞ்சது, எது நிக்குது, ஏன் நிக்குது.. ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஒரே ஒரு பக்கம் எழுதிப் போடட்டும். தமிழ்லயும் போட்டா இன்னும் சந்தோசம்.