அலமாரியும் தராசும்

சென்ற தவக்காலத்தில் ஒருநாள், காலைத் திருப்பலி முடிந்து நாம் அறைவீட்டுக்குத் திரும்பியபோது, பங்கைச் சேர்ந்த முதிய அம்மா ஒருவர் படியருகே காத்திருந்தார். "சாமி, பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். அவர் சேர்த்து வைத்த புத்தகங்களை எடைக்குப் போடச் சொல்கிறார்கள். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் எனக்கு மனம் ஆறும்" என்றார். அவர் என்று அம்மா குறிப்பிட்டது, இரண்டாண்டுகளுக்கு முன் நாம் அடக்கம் செய்த தம் கணவரை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சம்பள நாளில் காய்கறிக்கு முன் புத்தகம் வாங்கியவர் என்று அம்மாவே பலமுறை குறைபட்டதுண்டு.

சென்று பார்த்தோம். இரண்டு தேக்கு அலமாரிகள். ஏறக்குறைய முந்நூறு நூல்கள். பெரும்பாலானவை கெட்டி அட்டை, காலிகோத் துணியில் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத்தாள் உறை. இடையிடையே வசம்புத் துண்டும் அந்துருண்டையும். நமது தட்பவெப்பத்தில் ஒரு நூலைப் பழுதின்றிக் காப்பது எளிதன்று. மழைக்காலத்து ஈரம் தாளில் செம்புள்ளிகளை எழுப்பும். இராமபாணம் முதற்பக்கத்தில் புகுந்து கடைசிப் பக்கத்தில் வெளியேறும். கரையானோ கணக்கே பார்க்காது. போதாக்குறைக்கு, மலிவான மரக்கூழ்த் தாளுக்குள்ளேயே அமிலம் இருப்பதால், பூச்சி தொடாவிட்டாலும் அது தானே பழுத்து நொறுங்கும். கந்தைத் துணியிலிருந்து செய்த பழங்காலத் தாள் நானூறு ஆண்டுகள் நிற்க, நம் பாட்டனார் வாங்கிய நூல் நம் கையில் உதிர்வது இதனாலேயே. ஆசிரியரின் நூல்களில் நாம் கண்ட பெருங்குறை ஒன்றே. அதுவும் கத்தோலிக்க வீடுகளுக்கே உரிய குறை. குருத்தோலைத் துண்டுகளையும் நினைவுநாள் அட்டைகளையும் பக்கங்களுக்கிடையே செருகி வைத்திருந்தார். அவை கிடந்த இடமெல்லாம் பழுப்புக் கறை. (நமது செபப்புத்தகத்தின் நிலையும் அதுவே.)

பழைய பேப்பர்காரர் நமக்கு முன்பே வந்து போயிருந்தார். கெட்டி அட்டைக்குத் தாளின் விலை கிடையாது, அட்டையைக் கிழித்துப் போட்டால் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றாராம். அவரைக் குறை கூறுவதற்கில்லை. அவருடைய தராசுக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் நகரத்திலிருந்து மற்றொருவர் வந்தார்: பழைய நூல்களை வாங்கி, சேகரிப்போருக்கு விற்பவர். அம்மாவின் வேண்டுகோளின்படி நாமும் உடனிருந்தோம்.

அவரிடம் நாம் கற்றது கொஞ்சமன்று. பழைய நூலின் தரத்தைச் சொல்ல ஆங்கில வணிகத்தில் தனியொரு சொல்வரிசை உண்டாம். 1949-இல் அமெரிக்கப் பழம்நூல் வணிகர்களின் வார இதழொன்று அதனை வரையறுத்து வெளியிட்டது. 'ஃபைன்' என்றால் பழுதே இல்லாதது, ஏறக்குறையப் புதியது. அடுத்து 'வெரி குட்'. அதற்கும் கீழே 'குட்'. "ஃபாதர், எங்கள் தொழிலில் 'குட்' என்றால் அடிபட்டது என்று பொருள்" என்று சிரித்தார். விற்பவர் நூலின் குறைகளைத் தாமே முன்வந்து எழுதவேண்டும்: முதுகுத் துணி வெளுத்திருப்பது, முன்னவர் பெயர் எழுதியிருப்பது, நூலக முத்திரை, படம் குறைவது என ஒவ்வொன்றும். ஒரு தாள் மேலுறைகூட விலையைப் புரட்டிவிடுமாம். 1925-இல் அமெரிக்காவில் வெளியான 'தி கிரேட் காட்ஸ்பி' புதினத்தின் முதற்பதிப்பு, மேலுறையோடு கிடைத்தால், மேலுறை இழந்த படியைவிடப் பன்மடங்கு விலைபோகிறது. நம் வீடுகளில் புத்தகம் வாங்கியவுடன் கழற்றி எறிவது அதைத்தான்.

பேசிக்கொண்டே அவர் அலமாரியில் கைவைத்தார். சில நூல்களின் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, பின்புறம் பதிப்பாண்டைப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் திரும்ப வைத்தார். பிறகு மொத்தத்துக்கும் ஒரு தொகை சொன்னார். எடைக்கடையைவிட அது நான்கு மடங்கு. அம்மாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. நமக்கு மட்டும் நெருடியது. வாசல்வரை அழைத்துச் சென்று, "அந்தச் சில நூல்கள் மட்டுமே இந்தத் தொகை பெறுமல்லவா?" என்றோம். அவர் மறுக்கவில்லை. "தெரிந்தவன் வாங்குகிறேன், தெரியாதவர் விற்கிறார். இதுதானே ஃபாதர் வியாபாரம்?" என்றார்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. புனித அகுஸ்தினார், திரித்துவத்தைப் பற்றிய தம் பெருநூலின் 13-ஆம் பகுதியில் ஒரு நாடகக் கோமாளியைப் பற்றிச் சொல்கிறார். ஊரார் எல்லாருடைய உள்ளத்திலும் இருப்பதைச் சொல்வதாக அறிவித்துக் கூட்டம் சேர்த்த அவன், மலிவாய் வாங்கி உயர்வாய் விற்பதே உங்கள் ஆசை என்றானாம். கூட்டம் ஆரவாரித்ததாம். ஆனால் அகுஸ்தினார் அத்தோடு விடவில்லை. தமக்குத் தெரிந்த ஒரு மனிதர், கையெழுத்து நூலொன்றை அதன் மதிப்பறியாதவன் அற்ப விலைக்கு நீட்டியபோது, அவன் எதிர்பாராத நியாய விலையை எண்ணிக் கொடுத்தார் என்கிறார். ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட பக்கத்தில், நமது பங்கின் அலமாரி விவகாரம்!

எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் புனித தோமாஸ் அக்குவினாஸ், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சகத்தைப் பற்றி எழுதுகையில் இதே நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். மறைந்த குறையை விற்பவர் சொல்லியாகவேண்டும் என்பது அவர் முடிவு. வாங்குபவரையும் அவர் விடவில்லை: பித்தளையென்று நினைத்து ஒருவன் பொன்னை விற்க, அறிந்தே வாங்கியவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன். அதே வேளை, வணிகர் தம் உழைப்புக்கு ஊதியமாக அளவான ஆதாயம் பெறுவதை அவர் குற்றமென்று சொல்லவில்லை.

இந்தக் கடைசிச் சொல் நகரத்தாருக்கு உரியது. பதிப்பாண்டை ஒரு நொடியில் அறியும் கண் சும்மா வந்ததன்று. விலைபோகாத நூல்களுக்கும் அவர் வாடகை கட்டுகிறார். இத்தகையோர் இல்லையேல் எத்தனை நூல்கள் நமக்கு மிஞ்சியிருக்கும்? கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூற்கடைகளில் தேடித்தேடிச் சேர்த்தவர். அவர் 1992-இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் இயங்குகிறது. நமது மறைநூல்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இங்கே எத்தனை படிகள் எந்தக் கரையானுக்குப் போயினவோ!

ஆகவே அவரைக் கடிந்துகொள்ளவில்லை; வேறொரு காரணமும் இருந்தது. குருமட மாணவராயிருந்த நாளில், சென்னை நடைபாதைக் கடையொன்றில், 19-ஆம் நூற்றாண்டில் புதுவையில் அச்சான இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதியைக் கண்டோம். முதியவரான கடைக்காரர் இருபது ரூபாய் கேட்டார். அது என்ன நூல் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பேரம் பேசிப் பதினைந்துக்கு வாங்கினோம்! அன்றிரவு தோழர்களிடம் அதைக் காட்டிப் பெருமையும் அடித்தோம். அடுத்த ஆண்டு அவ்வழியே சென்றபோது அந்தக் கடை இல்லை.

இதை வாசலில் நின்றபடியே நகரத்தாரிடம் சொன்னோம்; அகுஸ்தினாரின் கதையையும் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின் உள்ளே சென்று பதினொரு நூல்களைத் தனியே எடுத்து வைத்தார். இவற்றை விற்றுத் தருவதாகவும், மூன்றில் ஒரு பங்கு தமக்கு, மீதி அம்மாவுக்கு என்றும் சொல்லித் தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். எஞ்சியவற்றுக்கு வேறு தொகை. அகுஸ்தினாரால் மனம் மாறினாரா, நாம் இன்னொரு வணிகரை அழைத்து வந்துவிடுவோம் என்று அஞ்சினாரா, அறியோம். பாஸ்குவுக்குப் பின் முதல் தவணைப் பணம் வந்தது, இரண்டாவதும் வந்தது.

அம்மா தமக்கென்று ஒரே நூலை வைத்துக்கொண்டார். ஓரமெல்லாம் ஆசிரியரின் பென்சில் குறிப்புகள் நிறைந்த, கட்டுப் பிரிந்த நூல். நகரத்தார் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லையாம்.

இரண்டாம் தவணையோடு அவர் வந்தபோது நமது அகராதியையும் காட்டினோம். உரியவரைக் கண்டுபிடிக்க இயலாதபோது ஈடு ஏழைகளுக்குச் சேரவேண்டும் என்பதும் அக்குவினாசின் போதனை. நகரத்தார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பதாண்டுகளாக அதை ஈரச்சுவரோரம் வைத்திருந்தோம். முதற்பகுதியில் பூச்சித்துளைகள், முதுகு கிழிந்து தொங்கியது. "வாங்கும்போது எப்படி இருந்தது, ஃபாதர்?" என்றார். பழுதின்றி இருந்தது என்றோம். "இப்போது 'குட்' கூட இல்லை" என்று சொல்லி, தாம் தரக்கூடிய விலையைக் கூறினார். அதை வாங்கி வின்சென்ட் தே பவுல் சபையின் பெட்டியில் போட்டோம்.