சித்தன்னவாசலுக்கு நடந்து போங்க மக்களே!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நாங்க ஒன்பது பேரு நார்த்தாமலையில இருந்து சித்தன்னவாசல் வரைக்கும் நடந்தே போனோம். கார்ல போனா அரை மணி நேரம், இதுக்கு ஏன்டா நாள் பூரா நடக்கணும்னு வீட்ல எல்லாரும் கேட்டாங்க. அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

விடியக்காலையில மேலமலை ஏறி விஜயாலய சோழீஸ்வரம் பாத்தோம். வட்டமான கருவறை, எதிர்ல குடைவரையில வரிசையா 12 விஷ்ணு சிலைகள். அப்புறம் இறங்கி, ஊர் ஊரா, கண்மாய்க் கரை மேலயே நடை.

நடுவுல ஒரு கண்மாய். தண்ணியே தெரியல, முழுக்க சீமைக்கருவேலம். கரையில ஆடு மேய்ச்சுட்டு இருந்த பெரியவர்கிட்ட பேச்சு குடுத்தோம். இந்தக் கண்மாய் நிறைஞ்சா கலிங்கு வழியா அடுத்த கண்மாய்க்குத் தண்ணி போகும், அது நிறைஞ்சா அதுக்கடுத்ததுன்னு கைய நீட்டிக் காட்டினார். ஆறு இல்லாத பக்கம் இப்படித்தான் மழைத்தண்ணிய சேத்து வச்சு வெவசாயம் பண்ணியிருக்காங்க.

"எங்க போறீக?"

"சித்தன்னவாசல் ஓவியம் பாக்கங்கய்யா."

"என்ன படம்?"

"தாமரைக்குளம். மீனு, யானை, எருமை, பூப்பறிக்கிறவங்க எல்லாம் இருக்கும்."

"படத்துல இருக்க கொளத்தப் பாக்கவா இம்புட்டுத் தூரம் நடக்குறீக?"

யாரும் பதில் சொல்லல. 9-ஆம் நூற்றாண்டு குளத்தை தொல்லியல் துறை பாத்துக்குது. நிஜக் குளத்தை யாரு பாத்துக்கறது?

மதுரையில பசுமை நடைக்காரங்க பல வருஷமா மக்களைக் கூட்டிட்டு சமண மலைகளுக்கு நடந்து போறாங்க. அந்த மாதிரி நடை நம்ம மாவட்டத்துலயும் மாசாமாசம் நடக்கணும், அதுல கண்மாய்க் கரையும் கட்டாயம் இருக்கணும்ங்கறதுதான் என் கருத்து.

கூட்டம் போனா குப்பை சேரும், பாறையில பேரைக் கிறுக்குவாங்கன்னு சிலர் சொல்றாங்க. நியாயம்தான். ஆனா கிறுக்கறவன் கார்லயும்தான் வர்றான். ஏழடிப்பட்டம் வரைக்கும் மூச்சு வாங்க ஏறி, 2000 வருஷத்துக்கு முந்தி துறவிங்க படுத்த கல் படுக்கைய தொட்டுப் பாத்தவனுக்கு ஆணிய எடுக்க அவ்ளோ சுலபமா மனசு வராது.

பங்குனி வெயிலுக்கு முன்னாடி இன்னொரு நடை போறதா இருக்கோம். இந்த தடவை அந்தப் பெரியவரையும் கூட வரச் சொல்லணும். அவருக்கு அந்தப் படத்தைக் காட்டணும் :)