மீனின் அளவும் பிடிப்பு விதியும்

வட அமெரிக்க ஏரிகளில் வாழும் ‘வால்-ஐ’ என்னும் மீன் உணவிற்கும் தூண்டில் விளையாட்டிற்கும் பெரிதும் விரும்பப்படுவது. இதனைக் காக்க, ஒருவர் நாளொன்றுக்குக் கொள்ளும் மீன்களின் எண்ணிக்கையையும் அவற்றின் நீளத்தையும் விதிகள் வரையறுக்கின்றன.

மிகப் பெரியவை பெரும்பாலும் பெண்மீன்கள், மிகுதியாக முட்டையிடுவன. ஆதலின் அவற்றை நீரிலேயே விட்டுவிடுதல் நன்று. ஆயினும் நீள விதி ஒன்றே போதும் எனக் கொள்வது பிழையாகும்.

மின்னசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் ஏரியில் 2013-ஆம் ஆண்டில், 18 முதல் 20 அங்குல நீளமுள்ள மீன்களில் இரண்டே கொள்ளலாம் என விதிக்கப்பட்டது. இத்தகைய குறுகிய வரம்பு, பிடிப்பின் சுமையைச் சில வயதுத் தொகுதிகளின்மேல் ஏற்றுகிறது. விடப்படும் மீன்கள் யாவும் பிழைப்பதுமில்லை. தூண்டிற் காயத்தால் ஒரு பகுதி மடிகிறது. கோடையில் நீர் வெப்பமுறும்போது இச்சாவு மிகுகிறது. மேலும், குஞ்சுகள் பிழைத்து வளராமையே அவ்வேரியின் பெருங்குறை. அதனை எந்த அளவுகோலும் தீர்க்காது. 2015 ஆகஸ்டில் அங்கு வால்-ஐ பிடிப்புப் பருவத்தின் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அம்மாநிலத்து ரெட் ஏரியிலோ 1999-இல் பிடிப்பு முற்றும் நிறுத்தப்பட்டது; குஞ்சுகள் விடப்பட்டன; இனம் பெருகியபின், 2006-இல் பிடிப்புக்கு மீண்டும் இசைவளிக்கப்பட்டது.

இவற்றால் விளங்குவது யாது? ஏரி தாங்கும் மொத்தப் பிடிப்பை முதலில் கணித்தல் வேண்டும். விடுபட்டு மடியும் மீனையும் அதில் சேர்த்தல் வேண்டும். நீள விதி அதற்குத் துணையாகலாம், ஈடாகாது. நீர்நிலைகளைக் கண்காணிக்கும் களப்பணியாளரும், மாணவர்க்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியரும் இதனை உளங்கொள்வாராக.