பிஞ்சு விரலும் ஜோடிக் கணக்கும்

குடும்ப வாழ்வு பற்றிய கருத்தரங்குகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் ‘செய்து கற்றல்’ என்னும் சொல் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. மறைக்கல்வி வினாவிடையைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பதால் பயனில்லை, கையால் செய்வதே நெஞ்சில் பதியும், வீடே முதற்பள்ளி, பெற்றோரே முதல் ஆசிரியர் என்கின்றனர். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று 1964ஆம் ஆண்டிலும், பெற்றோரைப் பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று 1965ஆம் ஆண்டிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிவிட்டது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் அந்தி சாய்ந்த பின் வீட்டுத் திண்ணைகளில் நடக்கும் வேறொரு காரியத்திற்கும் இதே அழகிய பெயரைச் சூட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காரியம் நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். காலணியின் மேற்பகுதியை, நம் ஊர் வழக்கில் ‘அப்பர்’ என்பதை, கையால் தைக்கும் வேலை தொழிற்சாலையிலிருந்து வீடுகளுக்கு வருகிறது. ஏஜெண்ட் மூட்டையைக் கொடுத்துச் செல்கிறார். பெண்கள் ஜோடிக் கணக்கில் தைத்துத் தருகின்றனர். இவர்களைப் பற்றி 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அயல்நாட்டுக் கடைகளில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் காலணியைத் தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறுவதில்லை என்று உலகுக்குச் சொன்னது. பத்து ஜோடி முடித்தால்தான் மறுநாள் அரிசி என்ற நிலையில், அருகில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகளின் கை சும்மா இருக்குமா? முதலில் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். பிறகு ஓரம் பிடித்துக் கொடுப்பாள். பிறகு அவளே தைப்பாள். வீட்டுப்பாடம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும்.

இதைச் சுட்டிக்காட்டினால் மேடைக்காரர்களிடம் இரண்டு பதில்கள் ஆயத்தமாக உள்ளன. சட்டமே இடம் தந்திருக்கிறது என்பது ஒன்று. உண்மைதான்: குழந்தைத் தொழிலாளர் சட்டத்திற்கு 2016ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முற்றாகத் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் குடும்பத்தாருக்கு உதவலாம், ஆபத்தான தொழில்களில் மட்டும் கூடாது என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்தது. பரம்பரைக் கைத்தொழில் அழியாதிருக்க இவ்வாசல் வேண்டும் என்று அப்போது வாதாடினர். மற்றொரு பதில் இன்னும் பக்தி நிறைந்தது. நாசரேத்தில் சூசையப்பர் தம் தச்சுத் தொழிலை இயேசுவுக்குக் கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்கின்றனர். கேட்டதும் கூட்டத்தில் தலைகள் அசைகின்றன.

சற்று நின்று யோசிப்போம். கற்கும் கைக்கும் உழைக்கும் கைக்கும் என்ன வேறுபாடு? கற்கும் கைக்குக் கெடுக்கும் உரிமை உண்டு. தையல் பழகும் பிள்ளை துணியைக் கோணலாக வெட்டும். குயவர் வீட்டுப் பிள்ளை பத்துச் சட்டியை உடைத்துத்தான் பதினோராவதைச் செய்யும். அதனால் எவருக்கும் உலை கொதிக்காமல் போவதில்லை. ‘அப்பர்’ தைக்கும் சிறுமிக்கு இவ்வுரிமை இல்லை. ஒரு துளை தவறினால் அந்த ஜோடி திரும்பி வரும். தாயின் கூலி பிடித்தமாகும். ஆகவே அவள் முதல்நாளிலிருந்தே தவறக் கூடாதவள். கற்கும் கை நிறுத்தவும் செய்யலாம்: போதும் அம்மா என்று எழுந்து ஓடலாம். மூட்டையை நாளைக் காலை ஏஜெண்ட் எடுக்க வரும்போது எழுந்து ஓட எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? இன்னும் ஒன்று. நூறாவது ஜோடியில் அவள் கற்பது என்ன? முதல் பத்து ஜோடியிலேயே கற்று முடித்தாயிற்று. எஞ்சிய தொண்ணூறும் கூலி வேலை, அதுவும் கூலி அவள் பெயரில் எழுதப்படாத வேலை.

செய்து கற்றல் என்று சொல்வோர் மரியா மாண்டிசோரியின் பெயரையும் உடன் சொல்கின்றனர். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பயிற்சி அளித்தவர்; நம் மண்ணுக்கு அந்நியர் அல்லர். அதற்கும் முன்பு பார்சிலோனாவில் அவர் வழிநின்ற ஒரு பள்ளியில், குழந்தைகள் தாங்களே கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி வளர்த்தனர். நற்கருணைக்கான அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதை அவர்கள் கற்ற முறை அது. அங்கே எவரும் கதிர்க்கட்டுகளை எண்ணிக் கூலி பேசவில்லை. இவ்வளவு எளிய வேறுபாடு நம் கருத்தரங்கு உரையாளர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

நாசரேத்துக்கு வருவோம். சூசையப்பர் தச்சர், தம் கருவிகளோடு தம் ஊராருக்காக வேலை செய்தவர். மகன் ஒரு பலகையைக் கெடுத்தால் அது அவர்கள் வீட்டுக்குள் தீர்ந்துபோகும் கணக்கு. ஆம்பூர்த் தாய்க்குத் தோலும் சொந்தமில்லை, அதை விற்கும் விலையிலும் பங்கில்லை, வாங்குபவர் முகமும் தெரியாது. அவளைச் சூசையப்பரோடு ஒப்பிடுவது அவளுக்குப் பெருமையா, அவளுக்கு வேலை தருவோருக்கு வசதியா? மேலும், லூக்கா நமக்குக் காட்டும் பன்னிரண்டு வயது இயேசு பட்டறையில் இல்லை. எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வயதுக்குரிய வேலை எதுவென்று நற்செய்தியில் தேடுவோர் அந்தப் பக்கத்தையும் புரட்டலாம்.

இதனாலேயே பிள்ளையின் கையைக் கட்டிப்போட வேண்டும் என்று வாதிடுவோரும் நம்மில் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘நான் தோலில் உழன்றது போதும், என் பிள்ளைக்கு அந்த வாசமே வேண்டாம்’ என்கிற தந்தையின் வலி எனக்குப் புரிகிறது. தோலைத் தொட்டவரைத் தொடாத நாடு இது. சாதி ஏற்றிய அந்த இழிவு திருமுழுக்குத் தண்ணீரோடும் முற்றாகக் கரைந்துவிடவில்லை என்பதை நம் கல்லறைத் தோட்டங்களின் வரலாறே சொல்லும். ஆனால் திருத்தூதர் பணிகள் நூலைப் படிக்கும்போது நாம் ஏன் ஓரிடத்தில் விரைந்து கடந்துவிடுகிறோம்? பேதுரு யோப்பாவில் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். யூத வழக்கில் அத்தொழில் தீட்டுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்னும் காட்சி பேதுருவுக்குக் கிடைத்தது அதே வீட்டு மாடியில்தான். பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு ஒரு தோல் தொழிலாளியின் மாடியிலிருந்து திறந்தது என்பதை நம் மறைமாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

ஆகவே தோலைக் குறித்தும் பிள்ளை கற்கட்டும். முடிப்பக்கம் எது, சதைப்பக்கம் எது, ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் விரலுக்கு எப்படி வேறுபடும், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கும் குரோமில் பதனிட்டதற்கும் நிறம் ஏன் மாறுகிறது என்பதை ஒரு துண்டுத் தோலை வைத்துச் சொல்லித்தர, தொழிற்சாலையில் இருபது ஆண்டு நின்ற தந்தையைவிடத் தகுதியான ஆசிரியர் உண்டோ? வீட்டுக் கிணற்று நீரை ஓர் அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், நீர் வற்றியபின் அடியில் வெள்ளையாய்ப் படிவதைப் பிள்ளை தொட்டுப் பார்க்கும். தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள், பிறகு கழுவுகிறார்கள், கழுவிய நீர் எங்கே போயிற்று என்று அது தானே கேட்கும். அந்தக் கேள்வியிலிருந்து பாலாற்றுக்கும், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கும், பாதிப்பு இன்னும் தீராததால் அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் பேச நேர்ந்ததற்கும் ஒரு தாய் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். படைப்பைப் பேணுதல் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலுக்கு இதைவிட நல்ல முன்னுரை எனக்குத் தெரியவில்லை. அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் பயிற்சி நூல்கள் ஒரு மழைநாளுக்கு உதவும், அவ்வளவுதான். குருத்தோலையை மடித்துச் சிலுவை செய்யவும், மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் கொண்டு கிறிஸ்து பிறப்பு விண்மீன் கட்டவும் தெரிந்த பாட்டிமார் இருக்கும் வீட்டில் அவையும் தேவைப்படா.

‘பசித்த வீட்டுக்கு இந்தத் தத்துவம் எதற்கு?’ என்று ஒருவர் கேட்கக் கூடும். நேர்மையான கேள்வி. அந்தத் தாயைக் குறைகூற எனக்கு வாய் எழாது; மகளின் விரலை அவள் விரும்பியா கேட்கிறாள்? ஆனால் ஒரு குடும்பம் பிள்ளையின் கையையும் சேர்த்தால்தான் பிழைக்கும் என்றால், குறைந்திருப்பது குடும்பப் பாசமோ கல்விமுறையோ அன்று, கூலி. அதை அந்தப் பெயரால் அழைக்க வேண்டியவர்கள் அதற்குச் ‘செய்து கற்றல்’ என்று திருநீர் தெளிக்கிறார்கள். ஏஜெண்டுகளில் சிலர் நம் பங்கினர். மேற்பார்வையாளர்களில் சிலர் நம் பாடகர் குழுவில் பாடுகின்றனர். வெளியே தேடிப்போய்ப் பேச வேண்டியதில்லை. தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளுக்கு வைத்தார். இவ்வாண்டு அவ்விழாவில், மன்றாட்டுகள் முடிந்தபின், நம் பங்கில் எத்தனை வீடுகளுக்கு மூட்டை வருகிறது, ஜோடிக்கு என்ன தருகிறார்கள், எத்தனை ஜோடி ஒரு நாள் சம்பளமாகும் என்பதைப் பங்குப்பேரவைச் செயலர் எழுந்து வாசிக்கட்டும்.