செருகுநிரல்களை யாரிடம் ஒப்படைப்பது?

தமிழிளைஞர் சிலர் இன்று கணினிக்கு வேண்டிய செருகுநிரல்களைத் தாமே எழுதுகின்றனர். எழுத்துப்பிழை திருத்த ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று எனப் பல. மகிழத்தக்கதே! ஆயின், எழுதியதை எவ்வுரிமத்தின்கீழ், எவ்விடத்திலிருந்து மக்களுக்கு வழங்குவது என்பதில் அவர்தம் எண்ணம் செல்வதில்லை. அயலாரின் பெருங்கிடங்கில் கொண்டுபோய் வைத்துவிட்டால் கடமை முடிந்ததெனக் கருதுகின்றனர்.

2024-இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். வேர்டுபிரசு என்னும் வலைத்தள மென்பொருளுக்கென ‘அட்வான்சுடு கசுடம் பீல்ட்சு’ என்றொரு செருகுநிரல்; 20 இலக்கத்திற்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கியது. அதனை வைத்திருந்த நிறுவனத்திற்கும் வேர்டுபிரசுத் தலைமைக்கும் பூசல் மூண்டது. அக்டோபர்த் திங்களில், கிடங்கை ஆள்வோர் அச்செருகுநிரலின் இடத்தையே எடுத்துக்கொண்டு, வேறு பெயர் சூட்டித் தம் படியை அங்கு வைத்தனர். தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு அமைந்திருந்த தளங்களில், தளத்துக்குரியோர் அறியாமலே ஆள் மாறிற்று. திசம்பரில் அமெரிக்க வழக்குமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்த பின்னரே பழைய இடம் மீண்டது. நிரலைப் படியெடுத்துப் பெயர் மாற்றுவதற்குப் பொதுவுரிமமே இசைவளிக்கிறது என்பதை நினைவிற் கொள்க. பறிபோனது, பயன்கொள்வாரிடம் நிரல் சென்று சேரும் வழி!

எனவே, உரிமம் வேறு, வழங்குமிடம் வேறு. உரிமத்தில், 1989-இல் இசுடால்மன் வகுத்த குனூ பொதுவுரிமமே தமிழ்ப்பணிக்கு ஏற்றதென்பது நம் துணிபு. நம் நிரலைத் திருத்தி வெளியிடுவோன் தன் திருத்தத்தையும் திறந்தே வைத்தல் வேண்டுமென அது கட்டுகிறது. எம்.ஐ.டி. உரிமமோ, ஆக்கியோன் பெயரையும் உரிமவுரையையும் ஒட்டிவிட்டு எஞ்சியதைப் பூட்டிக்கொள்ள விடுகிறது. இதனைப் பரந்த உள்ளம் என்பர் சிலர். நாம் தொகுத்த சொற்பட்டியலைப் பிறன் பூட்டி வைக்க, அதனை நாமே விலைகொடுத்து வாங்குவதற்குப் பெயர் பரந்த உள்ளமோ? 1990-களில் நிறுவனந்தோறும் வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளை வகுத்துக்கொள்ள, ஒருவர் தட்டெழுதிய தமிழை மற்றவர் கணினி படிக்கமாட்டாது திணறியதை மறந்தோமா?

பெருங்கிடங்குகளை முற்றும் விலக்கவும் இயலாது; மக்கள் அங்குதான் தேடுகின்றனர். பயர்பாக்சு நீட்சியை நம் தளத்திலிருந்தே வழங்கலாமெனினும், மொசில்லாவின் ஒப்பமின்றி அதன் வழக்கமான பதிப்பில் அது நிலையாய் அமராது. ஆதலின் அங்கும் வையுங்கள். ஆனால், முதற்படி நம் தளத்தில் இருக்கட்டும். நிரல்வரிகளின் வரலாறு முழுதும் இரு வேறு கிடங்குகளில் இருக்கட்டும். ஆளும் உரிமை மூவரிடமேனும் இருக்கட்டும். 2016-இல் ‘லெப்ட்-பேட்’ என்னும் 11 வரி நிரலை அதன் ஆக்கியோர் கிடங்கினின்று நீக்கவே, அதனைச் சார்ந்திருந்த எண்ணற்ற மென்பொருள்களைக் கட்டமைக்க இயலாது உலகெங்கும் நிரலர் திகைத்தனர்.

உரிமமே குறிக்காது வெளியிடப்பட்ட தமிழ்நிரல்களும் உள. சட்டப்படி அவற்றைப் பிறர் திருத்தவோ பரப்பவோ இயலாது. ஆக்கியோர் ஓய்ந்தால் நிரலும் ஓய்ந்தது. அத்தகையன எழுதியோர் இத்திங்களே உரிமக் கோப்பொன்றை அதனுள் இடுக. விளக்கவுரையைத் தமிழிலும் எழுதுக.